தள்ளி நின்று எடுப்போம்: மொஹாவி பாலைவனத்தில் ரயில் படம் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் வேகாஸ் பக்கமிருந்து காரைக் கிளப்பிக்கொண்டு, மொஹாவி பாலைவனத்துக்குள் ரயில் படம் எடுக்க வருகிற நம்மூர் ஆட்களுக்கு இந்த மடல். உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். லட்லோ பெட்ரோல் பங்கில் காப்பிக்காக ஒரே வரிசையில் நின்றிருக்கிறோம். கூட்ஸ் வராத நேரத்தில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் புளிசாதத்தைப் பங்கு போட்டிருக்கிறோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள். இப்போது நிற்கிற தூரத்தைவிட இன்னும் நிறையத் தள்ளி.

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. ஆம்பாய்க்கும் கேடிஸுக்கும் நடுவில், மண் ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற ஓர் இடம். இன்று இல்லாத ஒரு ரயில் கம்பெனியின் பழைய வண்ணம் பூசிய எஞ்சின் ஒன்று மேற்கு நோக்கி வருகிறது, அதுவும் வண்டியின் முதல் எஞ்சினாகவே வருகிறது என்று முந்தின இரவே வாட்ஸ்அப்பில் செய்தி ஓடியிருந்தது. மதியத்துக்குள் பதினேழு பேர் சேர்ந்துவிட்டோம். மாலை மூன்றரை மணி. சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கிலிருந்து வரும் எஞ்சினின் முகத்தில் நேராக வெயில் விழும். படத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. எல்லோரும் கிழக்கே பார்த்தபடி நின்றோம். முதுகு மேற்கே.

முதலில் எல்லோரும் ரோட்டோரமாகத்தான் நின்றோம். தூரத்தில் விளக்கு தெரிந்ததும் ஒருவர் ஓர் அடி முன்னால் போனார். அவர் பக்கத்தில் இருந்தவருக்கு மறைத்தது. அவர் இரண்டு அடி போனார். இப்படியே போய், ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் சல்லிக் கற்கள் மேல் ஏறியிருந்தோம். பத்து வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்த அப்பா, அவனைத் தனக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். ஓர் இளைஞர் கீழிருந்து மேலே பார்க்கிற கோணம் வேண்டும் என்று இரண்டு பாதைகளுக்கும் நடுவில் மண்டியிட்டார். நான் எங்கே நின்றேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் வலது கால் ஸ்லீப்பர் கட்டையின் முனையில் இருந்தது.

அது இரட்டைப் பாதை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

ஹாரன் கேட்டது. நாங்கள் எடுக்க வந்த எஞ்சின்தான் நமக்கு வணக்கம் சொல்கிறது என்று நினைத்து ஒருவர் கையை உயர்த்தி ஆட்டினார். ஹாரன் நிற்கவில்லை. விட்டு விட்டு, அவசரமாக, மறுபடி மறுபடி அடித்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி “பின்னாடி! பின்னாடி!” என்று அலறினார். திரும்பினேன். மேற்கே சூரியன் கண்ணைக் கூசியது. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது. அதன் முன்விளக்கு வெயிலில் கரைந்து தெரியவே இல்லை. காற்று கிழக்கிலிருந்து அடித்ததால் சத்தமும் வந்து சேரவில்லை. மண்டியிட்டிருந்த இளைஞர் எழுந்து, கையில் கேமராவோடு அப்படியே பக்கவாட்டில் பாய்ந்து சல்லியில் உருண்டார். அடுத்த மூச்சுக்குள் எஞ்சின்கள் எங்களைக் கடந்தன. பிறகு கன்டெய்னர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியவை. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. மண் வாயெல்லாம் அடித்தது. அந்தப் பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழக்கூட இல்லை, சும்மா நின்றான்.

நாங்கள் காத்திருந்த வண்ண எஞ்சின் இதற்கு நடுவில் மற்ற பாதையில் போய்விட்டது. பயத்தில் என் விரல் அழுத்தியிருக்கிறது போல, மூன்று படம் பதிவாகியிருந்தது. ஒன்றில் எதிர்வண்டி டிரைவரின் முகம் கண்ணாடிக்குப் பின்னால் தெளிவாக இருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். அந்தப் பாதையில் கன்டெய்னர் வண்டிகள் மணிக்கு 70 மைல் வரை போகலாம். அதாவது நொடிக்கு 31 மீட்டர். அரை கிலோமீட்டர் தூரத்தில் நீங்கள் அதைப் பார்த்துவிட்டாலும் உங்கள் கையில் இருப்பது பதினாறு நொடி. வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்திருப்பவருக்குப் பதினாறு நொடி என்பது ஒன்றுமே இல்லை. எஞ்சினும் பெட்டியும் தண்டவாளத்தோடு நின்றுவிடுவதில்லை, இருபக்கமும் மூன்று அடியாவது வெளியே நீண்டிருக்கும். அவசர பிரேக் போட்டாலும் ஒரு மைலுக்கு மேல் ஓடித்தான் நிற்கும்.

“அந்தக் காலத்தில் எல்லோரும் தண்டவாளத்தை ஒட்டி நின்றுதானே எடுத்தார்கள்?” என்று கேட்பீர்கள். எடுத்தார்கள். ஆனால் அன்றைய பாதை துண்டு துண்டான தண்டவாளங்களை இணைத்துப் போட்டது. ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் தடக் தடக் என்று சத்தம் கொடுக்கும். வண்டி வருவது நெடுந்தொலைவிலேயே காதுக்குத் தெரிந்துவிடும். இன்றைய பாதை பற்றவைத்து ஒரே நீளமாக்கிய தண்டவாளம். முன்னால் வந்து நிற்கும்வரை எஞ்சினின் உறுமலும் பெரிதாகக் கேட்பதில்லை. பாலைவனத்தில் எதிரொலிக்கச் சுவரும் இல்லை, மரமும் இல்லை. அமைதியாக இருக்கிறதே, ஒன்றும் வரவில்லை போல என்று நாம் நினைப்பது அங்கேதான் தப்பாகிறது.

பழைய வண்ண எஞ்சின் மேல் உங்களுக்கு இருக்கிற பிரியம் எனக்கும் உண்டு. அதைக் குறை சொல்ல இந்த மடல் இல்லை. யூனியன் பசிஃபிக் ரயில் கம்பெனி 2005, 2006 இரண்டு ஆண்டுகளில் ஆறு எஞ்சின்களுக்கு, தான் விழுங்கிய ஆறு கம்பெனிகளின் வண்ணத்தைப் பூசியது. எஞ்சின் எண்களும் அதற்கேற்ப: மிசௌரி பசிஃபிக்குக்கு 1982, வெஸ்டர்ன் பசிஃபிக்குக்கு 1983, கேட்டி என்று செல்லமாகச் சொல்லப்படும் மிசௌரி–கேன்சஸ்–டெக்சஸுக்கு 1988, ரியோ கிராண்டேக்கு 1989, சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்னுக்கு 1995, சதர்ன் பசிஃபிக்குக்கு 1996. எஞ்சின் எண்ணைப் பார்த்தாலே அந்தக் கம்பெனி எப்போது கதை முடிந்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். நம்மூர் நடுகல் மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்த நடுகல் 4,300 குதிரைத் திறனோடு கூட்ஸ் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கிழக்கே நார்ஃபோக் சதர்ன் 2012இல் ஒரேயடியாக இருபது எஞ்சின்களுக்குப் பழைய வண்ணம் கொடுத்தது. கம்பெனிகள் எஞ்சின்களைத் தமக்குள் மாற்றிக்கொள்வதால் பென்சில்வேனியாப் பக்கத்து வண்ணம் ஒன்று திடீரென்று கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் வந்து நிற்கும். யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

மேற்கத்திய பாதைகளில் வண்ணத்துக்கு எப்போதுமே மதிப்பு உண்டு. சான்டா ஃபே ரயில் கம்பெனி எஞ்சின்களின் சிவப்பும் வெள்ளியும் கலந்த முகத்தை 1937இல் வரைந்தவர் ஜெனரல் மோட்டார்ஸ் ஓவியர் லீலண்ட் நிக்கர்பாக்கர். சூப்பர் சீஃப் என்ற பயணிகள் வண்டிக்காக வரைந்தது. அந்த வண்டி ஓடியது இதே ஆம்பாய், கேடிஸ் வழியாகத்தான். அந்தச் சிவப்பைக் கிட்டத்தில் பார்த்தால் அழகு. பழுப்பும் சாம்பலுமாய்க் கிடக்கிற சமவெளியில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தால்தான் அது என்ன செய்கிறது என்று புரியும். அத்தனை பெரிய நிலத்தில் கண் நேராக அந்தச் சின்னச் சிவப்புக்குத்தான் போகும்.

நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான். பயந்து தள்ளி நில்லுங்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. தள்ளி நின்றால் படமும் நன்றாக வரும். பத்தடி தூரத்திலிருந்து எடுத்த எஞ்சின் முகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள், இது எந்த ஊர் என்று. ஒஹாயோவில் ஒரு யார்டாகவும் இருக்கலாம், டெக்சஸில் ஒரு தொழிற்சாலை வாசலாகவும் இருக்கலாம். இருநூறு மைல் காரோட்டிப் பாலைவனத்துக்கு வந்துவிட்டு, பாலைவனமே இல்லாத படத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

ஆம்பாய் எரிமலைக் குன்றின் விளிம்பில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். சுற்றியுள்ள தரையிலிருந்து 250 அடி உயரம்தான். கறுப்பு எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கிற தரையில் நடந்து போய், கடைசியில் சரளை சறுக்குகிற ஓர் ஏற்றம். மேலே நின்றால் வடக்கே தண்டவாளம் ஒரு பென்சில் கோடு. குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கிலேயே தாழ்வாக ஓடுவதால் வெளிச்சம் எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும். அங்கிருந்துதான் நான் முதன்முதலாக ஒரு சரக்கு வண்டியை முழுதாகப் பார்த்தேன். முன்னால் நான்கு எஞ்சின், நடுவில் ஒன்று, கடைசியில் இரண்டு, இடையே லாங் பீச் துறைமுகத்திலிருந்து ஏற்றிய கன்டெய்னர்கள். கீழே கேட் பக்கத்தில் நின்றால் இதை நீங்கள் பார்க்கவே முடியாது. தலை தெரியும்போது வால் இரண்டு மைல் பின்னால் இருக்கும்.

இன்னொன்றும் அங்கேதான் கிடைக்கும். விடிவதற்கு முன், தொடுவானத்தில் ஒரு விளக்கு முளைக்கும். முதலில் நட்சத்திரம் என்றுதான் தோன்றும். ஆனால் அது மேலே ஏறாது, அதே இடத்தில் நின்று மெல்ல மெல்லக் கனக்கும். பத்து நிமிடம் ஆகும், சில நாள் இருபதும் ஆகும். அந்த நேரத்தில் ரயில்வே ரேடியோவைக் கேட்கிற ஸ்கேனரைப் போட்டு வைத்திருந்தால், தண்டவாளத்தோரம் இருக்கிற சோதனைக் கருவி தன் இயந்திரக் குரலில் மைல் எண்ணைச் சொல்லி, பழுது இல்லை என்று சொல்லிவிட்டு, சக்கர அச்சுகளின் எண்ணிக்கையையும் சொல்லும். ஆளில்லாத இருட்டில் ஒரு குரல் அச்சுகளை எண்ணிச் சொல்வதைக் கேட்டவர்களுக்குத்தான் அது தெரியும். இந்த வழியில் ஊர்ப் பெயர்களையும் ஆங்கில எழுத்து வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள். ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி, எசெக்ஸ், ஃபென்னர், கோஃப்ஸ் என்று ஏ, பி, சி, டியாகக் கிழக்கே போகும். வண்டி ஃபென்னர் தாண்டியது என்று கேட்டால், நம்மிடம் வர இன்னும் எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொள்ளலாம்.

தள்ளி நிற்பதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெரிய டெலி லென்ஸ் வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். காலை பத்து மணிக்கு மேல் தரை சூடேறிவிட்டால் கானல் அலை ஆரம்பித்துவிடும். 600 எம்எம் லென்ஸில் எஞ்சின் முகம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும், எழுத்துகள் உருகும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் காப்பாற்றாது. இதனால்தான் பலர் மதியத்தில் தண்டவாளத்தை ஒட்டிப் போகிறார்கள். அதற்குப் பதில் மதியத்தில் லென்ஸை மாற்றுங்கள். 35 எம்எம், 50 எம்எம் போட்டு வண்டியை விரல் நீளத்துக்குச் சின்னதாக வைத்து, மலையையும் உப்பளத்தையும் உள்ளே விடுங்கள். டெலியை அதிகாலைக்கும் கடைசி ஒரு மணி நேரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மாற்றுவதைக் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் சென்சாரில் மொஹாவி மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்.

அப்புறம் கெல்சோ. மொஹாவி தேசியக் காப்பகத்துக்கு நடுவில், 1924இல் கட்டிய அந்த ஓட்டுக்கூரை ஸ்டேஷன். யூனியன் பசிஃபிக் பாதை அங்கிருந்து சீமா என்ற இடத்துக்கு ஏறுகிறது. இருபது மைல்கூட இல்லாத தூரத்தில் 2,000 அடி ஏற்றம். நூறு அடிக்கு 2.2 அடி. கனமான கூட்ஸ் வண்டிக்கு அது பெரிய மலை. நீராவிக் காலத்தில் பின்னாலிருந்து தள்ளிவிட எஞ்சின்களைக் கெல்சோவில் தயாராக வைத்திருப்பார்கள். இன்றும் ஏறுகிற வண்டி சைக்கிள் வேகத்துக்கு வந்துவிடும். ஏறும் வண்டியின் உறுமல் அரை மணி நேரம் பள்ளத்தாக்கில் நிற்கும். இறங்கும் வண்டியின் பிரேக் வாசனை ரோடு வரைக்கும் வரும்.

அந்த இறக்கத்தை மறந்துவிடாதீர்கள். 1997 ஜனவரியில் அங்கே ஒரு வண்டி கட்டுப்பாடு இழந்து கெல்சோவுக்கு அருகே தடம் புரண்டது. 2023 மார்ச் 27 அன்று இரும்புத் தாது ஏற்றிய 55 வேகன்களும் இரண்டு எஞ்சின்களும் ஆளே இல்லாமல் அதே சரிவில் உருண்டு, மணிக்கு 100 மைலைத் தாண்டிய வேகத்தில் தடம் புரண்டன. ஒருவருக்கும் காயமில்லை. அன்று திங்கட்கிழமை. அந்த வளைவுப் பக்கம் சனிக்கிழமைகளில் எத்தனை டிரைபாட் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். செய்தியைப் படித்த அன்று இரவு நான் தூங்கவில்லை.

இனி எஞ்சினுக்குள் இருப்பவர்கள் பக்கம் வருகிறேன். பாதையில் ஆளைப் பார்த்து டிரைவர் அவசர பிரேக் போட்டால், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும் விஷயம் அதோடு முடிவதில்லை. வண்டி தடம் இறங்கியிருக்கிறதா, இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரைவரோடு எஞ்சினில் வரும் கண்டக்டர் கீழே இறங்கி வண்டியோரமாக நடக்க வேண்டும். இரண்டு மைல் நீள வண்டி, காலுக்குக் கீழே புரளும் சல்லிக் கல், ஜூலை மாதமென்றால் 45 டிகிரிக்கு மேல் வெயில். போய்விட்டுத் திரும்பியும் வர வேண்டும். நாம் ஒரு கோணத்துக்காக ஓர் அடி முன்னால் வைத்ததற்கு அவர் நான்கு மைல் நடக்கிறார். ஆள் அடிபட்டுவிட்டால் அதை அந்த டிரைவர் எவ்வளவு காலம் சுமப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த மாலை நான் பார்த்த முகம் எனக்குப் போதும்.

வண்ணத்தைத் துரத்துகிற அவசரத்தில் இந்த மனிதர்களை நாம் படத்தில் சேர்க்காமலே விட்டுவிடுகிறோம் என்பதும் என் வருத்தம். 1943 மார்ச்சில் ஜாக் டெலானோ என்ற புகைப்படக்காரர் அமெரிக்கப் போர்த் தகவல் அலுவலகத்துக்காகச் சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை சான்டா ஃபே சரக்கு வண்டிகளிலேயே பயணம் செய்தார். நீடில்ஸ், பார்ஸ்டோ, காஹோன் கணவாய் எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. எஞ்சின்கள் இருக்கின்றன. அதே அளவுக்குக் கையில் விளக்கோடு நிற்கிற பிரேக்மேன், கடைசிப் பெட்டியின் சன்னலில் சாய்ந்திருக்கிற கண்டக்டர், எண்ணெய்க் கையோடு நிற்கிற பெண் தொழிலாளிகள் இருக்கிறார்கள். அனுமதியோடு உள்ளே போய் எடுத்த படங்கள் அவை. எண்பது ஆண்டு கழித்தும் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நம் படங்களில் டிரைவர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல்.

நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நிலத்தில் நல்ல பெயரும் இருந்திருக்கிறது. காஹோன் கணவாயில் சல்லிவன் வளைவு என்று ஒன்று இருக்கிறதே, அது ரயில்வே அதிகாரி பெயரில்லை. அங்கே வந்து வந்து படமெடுத்த ஹெர்பர்ட் சல்லிவன் என்ற புகைப்படக்காரரின் பெயர்.

2019இல் பிக் பாய் 4014 நீராவி எஞ்சின் இந்தப் பாலைவனத்தைக் கடந்தபோது வந்த கூட்டம் நினைவிருக்கிறதா? 132 அடி நீளம், 1941இல் கட்டியது, அதே ஆண்டு மே மாதம்தான் பழுது பார்த்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. ரோட்டின் இருபுறமும் கார்கள். தண்டவாளத்திலிருந்து 25 அடி தள்ளி நில்லுங்கள் என்று கம்பெனியே கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டவர்களும் இருந்தார்கள், கேட்காதவர்களும் இருந்தார்கள். 25 அடி என்பது வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்சக் கணக்கு. கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுப் பார்வையை இழந்து நிற்கிற நமக்கு அது போதாது. நமக்குள் 300 அடி என்று வைத்துக்கொள்வோம். சல்லி மேல் கால் வைப்பதில்லை. இரண்டு பாதைக்கு நடுவில் போவதே இல்லை. கேட்டில் நிற்க வேண்டி வந்தால், ஒருவர் கேமரா இல்லாமல் மறுபக்கம் பார்த்து நிற்க வேண்டும். கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் மாதிரி, முறை வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளோடு வருகிறவர்கள் காருக்கு முன்னால் வர வேண்டாம்.

யாராவது முன்னால் நகர்ந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அன்று நான் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்வாரோ, தம்பி முகம் சுளிப்பானோ என்று நினைத்தேன். நம்மவர்களிடையே இந்தத் தயக்கம் அதிகம். என்னைப் பார்த்து நீங்கள் சொன்னால் நான் நன்றிதான் சொல்வேன், இதை எழுத்தில் கொடுக்கிறேன்.

தள்ளி நிற்பது என்றதும் காரைப் புதருக்குள் ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அந்தத் தரையின் மேல் கறுப்பாக, மொறுமொறுவென்று ஒரு மேலோடு இருக்கும். உயிருள்ளது அது. டயர் ஒருமுறை ஏறினால் தடம் பல பத்தாண்டு இருக்கும். இருக்கிற மண் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சீமா பக்கம் 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பற்றிய தீயில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜோஷுவா மரங்கள் போய்விட்டன. கறுத்த கம்பங்களாக இன்னும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடான சைலன்சரோடு காய்ந்த புல்மேல் காரை நிறுத்துகிறவர்கள் அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். தேசியக் காப்பகத்துக்குள் ட்ரோன் கூடாது. அதில் பேச ஒன்றுமில்லை.

ஆமையைப் பற்றி ஒரு வார்த்தை. வசந்த காலத்தில் கெல்சோ பக்கம் காரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். முன் சக்கரத்துக்குப் பின்னால், நிழலில், மண்ணோடு மண்ணாக ஒரு பாலைவன ஆமை. சாப்பாட்டுத் தட்டு அளவு. ஓட்டின் கட்டங்களில் மரத்தின் வளையம் மாதிரிக் கோடுகள். கண்ணை மட்டும் மெல்லத் திறந்து மூடியது. தூக்கி ஓரமாக விட்டிருப்பேன், நல்லவேளை செய்யவில்லை. பயந்துபோனால் அது உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற தண்ணீரையெல்லாம் சிறுநீராக விட்டுவிடும். அடுத்த மழை வரைக்கும் அதற்கு அந்தத் தண்ணீர்தான். அதை இழந்தால் செத்தும் போகலாம். 1990 முதல் அழியும் ஆபத்துள்ள இனம் என்று சட்டப் பாதுகாப்பில் இருக்கிற உயிர். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். நிழல் நகர்ந்ததும் அதுவும் எழுந்து, அவசரமே இல்லாமல் போயிற்று. அந்த நாற்பது நிமிடத்தில் இரண்டு கூட்ஸ் ஏறிப் போயின. இரண்டையும் உட்கார்ந்த இடத்திலிருந்து, புதர்களுக்கு மேலே தெரிந்த அளவுக்கு எடுத்தேன். வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அதில் ஒன்றைத்தான். மஞ்சள் எஞ்சின்கள், சாதாரண மஞ்சள், எந்த விசேஷ வண்ணமும் இல்லை. படத்தில் சுண்டுவிரல் நகத்தளவு. மேலே முழுக்க மலையும் மேகமும்.

வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு கோரிக்கை. வண்ண எஞ்சின் வருகிறது என்று போடும்போது எந்த கேட்டில் நிற்பது என்று போடாதீர்கள். குன்றின் பெயரையோ ரோட்டின் பெயரையோ போடுங்கள். ஆட்கள் பரவி நிற்பார்கள். பதினேழு பேர் ஒரே சல்லிமேட்டில் சேர்ந்ததுதான் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

வரும் ஜனவரியில் முதல் சனிக்கிழமை ஆம்பாய் குன்றுக்கு வருகிறேன். வண்ண எஞ்சின் எதுவும் வருவதாகச் செய்தி இல்லை, வந்தால் வரட்டும். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாகன நிறுத்தத்தில் கூடுவோம். தலையில் மாட்டும் விளக்கு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், சரளையில் சறுக்காத செருப்பு அல்லது ஷூ. அன்று சல்லியில் உருண்ட தம்பி இதைப் படித்தால் அவசியம் வர வேண்டும், அந்தப் பையனின் அப்பாவும்தான். ஃபில்டர் காப்பி இரண்டு ஃபிளாஸ்க் நான் கொண்டுவருகிறேன். திரும்பும்போது காரை எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்துவிட்டு எடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு அந்த கேட்டில் நின்ற ஒருவன்